கிளட்ச் மீது போட்ட பழி

எங்கள் காருக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டி நின்று, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, கிளட்சை விட்டால் எஞ்சின் தானாக அணைந்துவிடும். மறுபடி கிளட்சை மிதித்தால் தானே ஸ்டார்ட் ஆகும். பெட்ரோல் மிச்சமாம். வாங்கிய புதிதில் இதை வருவோர் போவோருக்கெல்லாம் செய்து காட்டி அலுக்க வைத்திருக்கிறேன்.

அதை அதிகம் ஓட்டியது என் மனைவிதான். பத்துபஸ்தியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து, ஊரின் இன்னொரு பக்கம் ஹேடோவில் இருக்கும் அவள் ஆபீசுக்கு அதில்தான் போவாள். நாற்பது வயதுக்கு மேல் லைசென்ஸ் எடுத்தவள். கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த பெண் கார் ஓட்டுகிறாள் என்ற பெருமையை வாயால் சொன்னதில்லை. சாவியைக் கைப்பையில் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நடப்பாள்.

போன மழைக்காலத்தில் பேட்டரி செத்தது. அடிக்கடி அணைந்து ஸ்டார்ட் ஆகும் இந்த மாதிரி காருக்கு, அதைத் தாங்கும் தனி வகை பேட்டரி வேண்டும். மெயின்லேண்டிலிருந்து அடுத்த கப்பலில் வரும் என்றார் கடைக்காரர். எந்தத் தேதி என்று கேட்கும் அளவுக்கு நான் இந்தத் தீவுக்குப் புதியவன் இல்லை. கையில் கிடைத்த சாதாரண பேட்டரியை மாட்டினேன். இங்கே எல்லோரும் செய்வதுதான்: இருப்பதைப் போடு, சரியானது வந்ததும் மாற்று. கப்பல் வந்தது. நான் மாற்றவில்லை. வண்டிதான் ஓடுகிறதே என்ற சோம்பல். அவளிடம் புது பேட்டரி போட்டாச்சு என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

சில மாதம் கழித்து ஒரு காலை, என் வேலைக்கும் அதே வழி என்பதால் நானும் பக்கத்து சீட்டில் இருந்தேன். ஜங்ஷனில் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். எஞ்சின் அணைந்தது. அவர் போகச் சொன்னதும் அவள் கிளட்சை மிதித்தாள். ஒரு முனகல், அவ்வளவுதான். பின்னால் ஹாரன்கள். எனக்குக் கோபம் சட்டென்று வரும், அதிலும் நாலு பேர் பார்த்தால்.

"கிளட்ச மிதிக்கக்கூடத் தெரியலையா உனக்கு?"

சொல்லும்போதே பேட்டரி நினைவு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அது இன்னும் இரண்டு முறை நடந்தது. தனக்கு ஓட்ட வரவில்லை, இனி வேண்டாம் என்று அவள் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். மூன்று வாரம் அந்தச் சாவியைப் பார்த்துக்கொண்டே காபி குடித்தேன்.

கடைசியில் காரை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். நிதானமான பெங்காலிக்காரர். கிளட்ச் பெடலுக்குக் கீழே இருக்கும் சுவிட்சைப் பார்த்தார். பானெட் சரியாக மூடாவிட்டாலும் எஞ்சின் தானாக ஸ்டார்ட் ஆகாதாம், அதையும் பார்த்தார். உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்த பேட்டரி முனைகளைச் சுரண்டினார். இவ்வளவு குறைந்த தூரத்தை ஏசி போட்டு ஓட்டினால் சார்ஜ் ஏறாது என்றார். இதில் ஏதாவது ஒன்று குற்றவாளி ஆகிவிடாதா என்ற நப்பாசையில் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். பிறகு பேட்டரியைத் தட்டி, "யே கிஸ்னே லகாயா? இஸ் காடி மே யே நஹி சலேகா," என்றார். யார் மாட்டியது, இந்த வண்டிக்கு இது ஆகாது என்று. மேடம்மீது ஒரு தப்பும் இல்லை என்றும் சேர்த்துக்கொண்டார். சரியான பேட்டரி கடையில் தூசி படிந்து கிடந்தது.

மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சுவிட்ச் கெட்டிருந்தது என்று ஒரு பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவள் துணி மடித்துக்கொண்டே, தான் செய்த தப்பு என்னவென்று மெக்கானிக் சொன்னாரா என்று கேட்டாள். வெட்கமாக இருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு ஜங்ஷன்ல என்னைத் திட்டுனப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு."

மீதித் துணியையும் மடித்து முடித்தாள். பிறகு கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன்.

"நாளைக்கு நான் ஓட்டிக்கிட்டுப் போறேன். நீங்க பஸ்ல வாங்க."

மறுநாள் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். அதே ஜங்ஷனில் போலீஸ்காரர் கை காட்டினார். ஜன்னலுக்குக் கீழே எங்கள் கார். அவர் கையை இறக்கியதும் கூட்டத்தில் முதலில் நகர்ந்தது அதுதான். நான் உட்காரும் சீட்டில் அவளுடைய கைப்பை இருந்தது.