பாதுகாப்பு விருது பெற்ற மூவர்

சகல தமிழ் மக்களுக்கும் இத்தால் அறியத் தருவது யாதெனில்: ஜேர்மனியில், 1993 நவம்பர் 2, செவ்வாய்க்கிழமை மாலை 4.35க்குத் தொடங்கி, 5ஆம் திகதி வெள்ளி மாலை 5.10க்கு முடிந்த கீழ்க்காணும் சம்பவம் முழுக்க முழுக்க உண்மை. சம்பந்தப்பட்ட சில்வெஸ்டருக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் அவனுடைய அகதி விண்ணப்பம் முதல் தடவையே ஏற்கப்பட்டிருக்கும்.

மன்னார்ப் பேசாலையில் விமானச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் பாய்ந்தவன் அவன். இங்கே, கார்ல்ஸ்ரூஹேக்கு வெளியே ஒரு வெளிநாட்டு விமானத் தளத்தில், விமானப் படங்களைத் தூசு தட்டி வயிறு வளர்த்தான். எந்த நாட்டுத் தளம் என்று கேட்காதீர்கள். அவன் இன்னும் விசாவுக்கு அலைகிறவன்.

அங்கிருந்த படைப்பிரிவின் பெயர் ஒரு முழ நீளம்: குண்டுவீச்சு மற்றும் வான்வழி எரிபொருள் நிரப்புப் பிரிவு. யுத்தத்தில் ஊர்களை எரித்தது. எரிக்க ஊர் கிடைக்காமல் போனதும், குண்டு சுமந்த வயிற்றில் எண்ணெயை நிரப்பிக்கொண்டு, ஆகாயத்தில் மற்ற விமானங்களுக்குக் குழாய் நீட்டும் பறக்கும் பெற்றோல் செட்டாக மாறியது. இப்போது அந்த வியாபாரமும் முடிந்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. மூட்டை கட்டும்போதுதானே வரலாறு ஞாபகம் வரும்! தளத்தின் கேணல் வரலாற்று நூல் எழுதினார். முன்னுரை மட்டும் நாற்பது பக்கம். நூலின் சாரம் ஒரே வரி: 'எரிபொருள் நிரப்பும் பணியில் இப்பிரிவு ஓர் உயிரைக்கூட இழக்கவில்லை.'

சில்வெஸ்டருக்கு வரலாறு வேண்டாம். கேணலின் கையெழுத்து வேண்டும். 'இவன் ஒழுங்கான வேலையாள்' என்று ஒரு கடிதம் இருந்தால் மேன்முறையீட்டோடு இணைக்கலாம் என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். கடைசி நாள் அடுத்த திங்கள். தவறினால் கொழும்புக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள். கேணல் வெள்ளிக்கிழமை கையெழுத்திடுவதாக அலுவலகத்தில் சொன்னார்கள்.

செவ்வாய் மாலை, 4.35. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. சில்வெஸ்டர் வரலாற்று அறையில் தனியாகத் துடைத்துக்கொண்டிருந்தான். சுவரில் மூன்று அதிகாரிகளின் படம். சட்டமிட்டு, கண்ணாடி போட்டு, ஒவ்வொன்றின் கீழும் சின்ன மின்குமிழ். நம் வீடுகளில் யாருடைய படத்துக்குக் கீழே விளக்கு எரியும்? செத்தவர்களுக்கு. பித்தளைத் தகட்டில் பெயரும், '1969–1972' என்று இரண்டு வருடங்களும். கழித்துப் பார்த்திருந்தால், மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு இவ்வளவு பெரிய மீசை எப்படி முளைத்தது என்று யோசித்திருப்பான். யோசிக்கவில்லை.

அன்று சகல ஆத்துமாக்களின் திருநாள். இரவு ஏழு மணிக்குத் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை. இறந்தவர்களின் பெயரைத் துண்டில் எழுதிக் கொடுத்தால் சுவாமி வாசித்துச் செபிப்பார். இந்த மூவரையும் யார் நினைக்கப் போகிறார்கள் என்று அவனுக்கு இரக்கம் வந்தது.

அப்போதுதான் மண்ணெண்ணெய் மணத்தது.

சொட்... சொட்...

கதவருகே ஒருவர் நின்றார். வேலை அங்கி. தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தார். அன்று மழையில்லை.

"எழுது," என்றார். உடைந்த ஜேர்மன். விரலால் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார்.

கூட்டாளிகள்போல, என்று நினைத்த சில்வெஸ்டர் மூன்று பெயர்களையும் எழுதினான்.

"உங்கட வீட்டில செத்தவை ஆரும் இருக்கினமோ? பேரைச் சொல்லுங்கோ..." என்று பாதித் தமிழில் கேட்டுவிட்டு, ஜேர்மனில் திருப்பிக் கேட்டான்.

"வேண்டாம். என் பெயரை ஏற்கெனவே வாசித்துவிட்டார்கள்."

நிமிர்ந்தான். கதவருகே யாரும் இல்லை. தரையில் ஈரம் மட்டும்.

இரவு 7.25க்கு, மன்னார், யாழ்ப்பாணத்து ஆத்துமாக்களுக்கு நடுவே, மூன்று வெள்ளைக்காரர்களின் பெயரை சுவாமி தடுமாறித் தடுமாறி வாசித்தார்.

புதன் காலை 8.10. தளத்தில் கொடி அரைக்கம்பத்தில். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் முந்தைய இரவு தம் வீட்டுக் குளியல் தொட்டியில் இறந்திருந்தார். தொட்டியில் தண்ணீர் இல்லை. அறிவித்தல் பலகையில் படம்... இடது பக்கத்துக்காரர்.

வியாழன் காலை 8.10. கொடி அரைக்கம்பத்திலிருந்து ஏறவேயில்லை. இந்தத் தடவை படத்தில் நடுவில் இருந்தவர்.

சில்வெஸ்டர் கூட வேலை செய்யும் பேர்பெச்சுவா அக்காவிடம் ஓடினான்.

"அக்கா, அவை உயிரோட இருந்தவையாம்..."

"உசிரோட இருக்கிறவைக்கு ஆத்துமப் பூசை ஒப்புக்குடுத்த முதல் ஆள் நீதான்ரா! மூண்டாவது ஆர்?"

"தெரியாது. நிறைய மயிர், மெலிஞ்ச ஆள்."

அக்கா வந்து படத்தைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள்.

"உது எங்கட கேணல்ரா. மயிர் கொட்ட முந்தின கேணல்."

கேணலை யாரும் பெயர் சொல்லி அழைத்து அவன் கேட்டதேயில்லை.

"ஐயோ அக்கா! கடிதம்!"

"அந்தாளின்ர உசிர் போகப் போகுது, நீ கடிதத்துக்கு அழுறாய்."

"போய்ச் சொல்லட்டே?"

அக்கா வாளியைத் திரும்பத் தூக்கினாள். அவளுடைய தம்பி விமானக் குண்டில் போனவன்.

"முதல்ல கையெழுத்தை வாங்கு. பிறகு சொல்லு."

வெள்ளி மாலை, 5.04. கேணல் வரலாற்று அறையில் இருப்பதாகச் சொன்னார்கள். சில்வெஸ்டர் தட்டினான். திறந்தான்.

மேசை விளக்கு மட்டும் எரிந்தது. கேணல் கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். முன்னால் நூலின் கையெழுத்துப் பிரதி.

மண்ணெண்ணெய் மணம் கண்ணை எரித்தது.

"ஐயா... கையெழுத்து..."

கடிதத்தை நீட்டினான். அவர் திரும்பவில்லை. கை மட்டும் மெல்ல எழுந்தது. பேனாவைப் பிடித்தது.

சொட்... சொட்...

தரையில் ஈரமான காலடிகள். கதவிலிருந்து நாற்காலிவரை. திரும்பிப் போன காலடி இல்லை.

பேனா கீறியது. கர்ர்ர்...

மேசையில் பார்த்தான்.

மூன்று கைகள் இருந்தன.

ஒன்று கேணலின் இடது கை. ஒன்று வலது கை. வலது கையை மேலிருந்து அழுத்திப் பிடித்து எழுதிக்கொண்டிருந்தது... மூன்றாவது.

சுவர்க் கடிகாரம் 5.10.

கேணலின் தலை சாய்ந்தது. வாய் திறந்தது.

களக்... களக்...

சில்வெஸ்டர் கடிதத்தைப் பறித்துக்கொண்டு ஓடினான். சொல்ல நினைத்ததைச் சொல்லவேயில்லை.

மறுநாள் மருத்துவர் சொன்னதைத் தளமே முணுமுணுத்தது. கேணலின் நுரையீரல் நிறைய விமான எண்ணெய். சட்டை காய்ந்திருந்தது. உயிர் போன நேரம் 4.20.

கடிதத்தில் கையெழுத்து விழுந்தது 5.10க்கு.

மிச்சத்தை வாசல் காவலுக்கு இருந்த ஜேர்மன் கிழவர் சொன்னார். 1971இல் ஒரு தொழிலாளி எண்ணெய் விமானத்தின் தாங்கிக்குள் இறங்கித் துப்புரவு செய்துகொண்டிருந்தார். மூன்று அதிகாரிகள் எட்டிப் பார்க்காமலே 'உள்ளே ஆளில்லை' என்று கையெழுத்திட்டார்கள். மூடி இறுகியது. எண்ணெய் ஏறியது. மறுநாள் அணிவகுப்பில், தப்பியோடியவர் என்று அவருடைய பெயரை வாசித்தார்கள். விமானம் அவரையும் சுமந்துகொண்டு பதினொரு தடவை பறந்தது. பன்னிரண்டாம் தடவை குழாய் அடைத்தது. உள்ளே பார்த்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அந்த வருடப் பாதுகாப்பு விருது மூவருக்கும் கிடைத்தது.

சில்வெஸ்டர் திங்கட்கிழமை கடிதத்தைக் கொடுத்தான். எண்ணெய்க் கறை காயாமல் இருந்தது. மூன்று மாதம் இரவில் விளக்கை அணைக்காமல் படுத்தான்.

பெப்ரவரியில் பதில் வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

கடிதத்தில் தளத்தின் முத்திரை இல்லையாம்.