கழுத்தைச் சுற்றிய தடம்

இருபது வருடமாகப் பிணவறையில் வேலை பார்க்கும் அந்த டாக்டரம்மாவின் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கக்கூட உறவுக்காரர்கள் கூசுவார்கள். கொழுந்தன் ஒருவன்தான் "அண்ணி, அண்ணி" என்று ஒட்டிக்கொள்வான்.

அன்று அந்தக் கொழுந்தனே கறுப்புக் கோட்டுடன் அவர் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான். அன்று பிணவறைக்கு வந்திருந்த பெண்ணின் கணவனுக்கு அவன்தான் வக்கீல்.

"அண்ணி, ரிப்போர்ட்ல தூக்குன்னு ஒரு வார்த்தை எழுதிடுங்க. போதும்."

"தூக்குல தொங்கினா கயித்துத் தடம் காதுப் பக்கமா மேல ஏறும், தம்பி. இவ கழுத்தைச் சுத்தி நேரா ஓடுது. யாரோ பின்னாலருந்து இறுக்கியிருக்கான்."

"ஒரு பொணத்துக்காகச் சொந்தத்தைப் பகைச்சுக்கப் போறீங்களா? அண்ணன் உங்களை வீட்டுல சேர்ப்பாரா?"

அவர் வாசல் பக்கம் பார்த்தார். வெளியே பெஞ்சில் அந்தப் பெண்ணின் அம்மா, மகளுடைய செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். 'கழுத்து நெரிக்கப்பட்டதால் மரணம்' என்று அழுத்தி எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

"சேர்க்கலைன்னா இங்கேயே ஒரு கட்டில் போட்டுக்கறேன். இங்க இருக்கறவங்க யாரும் என்னைப் பொய் எழுதச் சொல்றதில்ல."

"அண்ணி..."

"அதை வீட்டுல வந்து கூப்பிடுங்க. இங்க நான் டாக்டர். கதவு அந்தப் பக்கம் இருக்கு, வக்கீல் சார்."