முதலில் வந்த மேல்பல்

என் மகனுக்குப் பல் முளைத்ததை நான் மறைத்தேன். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல... ஐந்து வாரம்! அதில் அவனுடைய இடது காது போயிற்று.

நீங்கள் என்னை ஏசலாம். ஏசுவதற்கு முன், அந்தப் பல் என்னை என்ன பாடு படுத்தியது என்பதையும் கேட்டுவிடுங்கள். மன்னிப்புக்காகச் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஆரோனுக்கு நாலாம் மாதமே எச்சில் வடியத் தொடங்கியது. நாளுக்குப் பத்துச் சட்டை மாற்றினேன். செருப்பு வார், சீப்பு, என் தோள்பட்டை என்று வாய்க்கு எட்டியதையெல்லாம் கடித்தான். ஈறு வீங்கும், அழுவான், வீக்கம் வற்றும், மறுபடியும் வீங்கும். பல் மட்டும் வராது! இப்படியே நாலு மாதம். கணவருக்கு ஓசூரில் வேலை; மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். பள்ளிக்கூடத்தில் நீண்ட விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுப் பாளையங்கோட்டை வீட்டில் நானும் அந்த அழுகையுமாகக் கிடந்தோம்.

அறிவுரைக்கா பஞ்சம்? பால் ஊற்றுகிறவர் கேரட்டைக் குளிரவைத்துக் கொடுக்கச் சொன்னார். எதிர்வீட்டு டீச்சர் கருப்பட்டியைத் துணியில் முடிந்து சப்பவிடச் சொன்னார். போதகரம்மா ஒரு ரப்பர் வளையமும் ஒரு ஜெபமும் தந்துவிட்டுப் போனார். எல்லாரும் சொன்னார்கள். பிள்ளையை ஒரு மணி நேரம் நான் வைத்துக்கொள்கிறேன், நீ போய்ப் படு என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை!

சில மத்தியானங்களில் அவனைத் தொட்டிலில் போட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு நின்றேன். தண்ணீர்ச் சத்தத்தில் அழுகை கேட்காது. பெற்ற தாய் செய்கிற காரியமா அது? நான் செய்தேன்.

எட்டாம் மாதத்தில் ஒரு காலை, பால் கொடுக்கும்போது கடித்தான். வாயைத் திறந்து பார்த்தேன். வெள்ளையாக இரண்டு அரிசி! சந்தோஷத்தில் கூவப் போனேன்... அப்போதுதான் கவனித்தேன். இரண்டும் மேல் ஈறில். கீழே ஒன்றுமில்லை.

மேல்பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள்; ஊரில் வேதக்காரர்கள் என்பார்கள். ராகுகாலம் பார்க்க மாட்டோம், சகுனம் பார்க்க மாட்டோம் என்று மூன்று தலைமுறையாகப் பெருமையடித்துக்கொள்கிற குடும்பம். ஆனாலும் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினேன்.

காரணம், என் தம்பி ஜெபசிங். முப்பத்தைந்து வயது. இரண்டு சம்பந்தம் கைகூடி வந்து கலைந்துபோனவன். மூன்றாவதாக உடன்குடியில் ஒரு பெண் அமைந்து, ஐந்து வாரத்தில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. அந்தப் பெண்ணின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஆரோனை மடியில் வைத்துக்கொண்டு, தன் உறவில் ஒரு குழந்தைக்கு மேல்பல் முதலில் வந்ததையும், வருஷம் திரும்புவதற்குள் தாய்மாமன் பைக்கில் அடிபட்டுப் போனதையும் சொல்லியிருந்தார். தனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்றும் சிரித்துக்கொண்டே சேர்த்துக்கொண்டார். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை.

எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று. ஆட்சேபணை என் மடியில் எச்சில் வடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது!

யாராவது அவன் வாயருகே விரலைக் கொண்டுபோனால், கை கழுவினீர்களா என்று கேட்டு விலக்கினேன். கணவர் கல்யாணத்துக்காக விடுப்பைச் சேர்த்துவைத்ததால் அந்த மாதம் வரவில்லை; வீடியோவில் அழைத்தால் பிள்ளை தூங்குகிறான் என்றேன். ஜெபசிங் சாயங்காலம் தோறும் வந்து மருமகனுக்குப் பல் வந்துவிட்டதா என்று கேட்பான். இன்னும் இல்லை என்பேன். பொய் நாளாக நாளாக எளிதாகிவிட்டது.

இரண்டாம் ஓலை வாசித்த வாரம், அழுகை மாறியது. பல் வெளியே வந்தபின் ஓய்ந்திருந்த பிள்ளை திடீரென்று வீறிட்டான். காய்ச்சல் வந்தது. இடது காதைப் பிடித்துப் பிடித்து இழுத்தான். ஜெபசிங் பயந்துவிட்டான்.

"எக்கா, காதப் புடிச்சு இழுக்கானே... டாக்டர்ட்ட காட்டுவோமா?"

"பல்லு முளைக்கையில காதும் வலிக்கும்லே. பைய சரியாயிரும்."

பல் ஏற்கெனவே முளைத்துவிட்டது என்பது உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். எனவே இது பல் அல்ல என்பதும் எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்க முடியும்!

நாங்கள் வழக்கமாகப் போகும் குழந்தை டாக்டரிடம் கல்யாணப் பெண்ணின் சித்தி நர்ஸாக இருந்தார். அங்கே போனால் வாயைத் திறந்து பார்ப்பார்கள். சரி, திருநெல்வேலியில் வேறு டாக்டரே இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். இருந்தார்கள். பஸ் ஏறினால் அரை மணி நேரம். நான் ஏறவில்லை. தம்பிக்காகத்தான் என்று இத்தனை வருஷம் எனக்கே சொல்லிவந்தேன். அது பாதிதான். எனக்குச் சலித்துப்போயிருந்தது... அவனைத் தூக்கிக்கொண்டு இன்னொரு இடத்தில் போய்க் காத்திருக்க உடம்பில் தெம்பில்லை. பல்தான் என்று சொல்லிவிட்டால் எழுந்திருக்க வேண்டாமே!

காய்ச்சல் மருந்தைக் கொடுத்துக்கொண்டே பத்து நாளை ஓட்டினேன். தலையணை உறையில் மஞ்சளாகக் கறை இருந்தது. எச்சில்தான் என்று துவைத்துப் போட்டேன்.

கல்யாணம் நடந்தது. விருந்துப் பந்தலில் பெண்ணின் அம்மா ஆரோனை வாங்கிக்கொண்டார். அவன் வாய் திறந்து அழுதான். அவர் பல்லைப் பார்த்தார். மேலே இரண்டு, கீழே இரண்டு... கீழ்ப்பற்களும் அதற்குள் வந்திருந்தன. எது முந்தி, எது பிந்தி என்று யார் கேட்கப் போகிறார்கள்? அவரும் கேட்கவில்லை. அவன் லேஸ் தொப்பியைக் கழற்றிக் காதோரத்தை முந்தானையால் துடைத்து, முகர்ந்து பார்த்தார்.

"புள்ளைக்குக் காதுல சீழ் வடியுதே. நீ பாக்கலியாம்மா?"

யாருக்குப் பயந்து மறைத்தேனோ, அவர்தான் பார்த்தார். பட்டுச்சேலையோடு எங்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனவரும் அவர்தான்.

செவிப்பறை கிழிந்திருந்தது. எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டார். இரண்டு நாள் என்றேன். அந்த இடத்திலும் பொய்!

சீழ் திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் இடது காதில் கேட்பது மிகவும் குறைந்துவிட்டது. உடனே கூட்டி வந்தும் சில குழந்தைகளுக்கு இப்படி ஆகிவிடும், உங்கள் மேல் தவறில்லை என்று டாக்டர் ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதல் இரண்டு நாள் காத்திருந்த தாய்க்கு உரியது. எனக்கு எப்படிச் சேரும்?

இப்போது ஆரோனுக்கு நாலு வயது. ஜெபசிங் நன்றாக இருக்கிறான். எட்டு மாதப் பெண் குழந்தை அவனுக்கு. போன வாரம் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். இரண்டு நாளாகக் காய்ச்சலாம், அழுகையாம். டாக்டரிடம் போனாயா என்றேன்.

"பல்லுதானக்கா. பைய சரியாயிரும்னு நீதான சொன்ன."

இப்போதே போ என்று கத்தினேன். குழந்தை மிரண்டு அழுதது. அவன் என்னை விநோதமாகப் பார்த்தான், ஏன் என்று கேட்டான். அப்போதாவது சொல்லியிருக்கலாம்... வாய்வரை வந்தது. போலே என்று மட்டும் சொன்னேன். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

ஆரோன் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தான். ஆரோன் என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. எழுந்து அவனுடைய வலப்பக்கம் போய் உட்கார்ந்து, மறுபடியும் கூப்பிட்டேன்.