பருப்பு டப்பாவுக்குப் பின்னால் விட்டுவிட்டு வந்தது

கடந்த பிப்ரவரியில் ஆறு நாள் லீவு போட்டு, கனகபுரா சாலைப் பக்கம் ஓர் இயற்கை மருத்துவமனையில் போய்த் தங்கினேன். இரண்டு வருஷ நைட் ஷிப்ட் முதலில் என் தூக்கத்தைக் கெடுத்தது, அப்புறம் மனசை. மனநல டாக்டர் கொடுத்த மாத்திரையை எட்டு மாதமாகச் சாப்பிட்டேன், தேறியும் வந்தேன். ஆனால் தினமும் காலையில் அந்த அட்டையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யோகா இருக்க இது எதற்கு என்று, அட்டையைத் துவரம்பருப்பு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவிட்டுக் கிளம்பினேன். கணவர் சரவணனிடம் மூச்சு விடவில்லை.

காக்ஸ் டவுனிலிருந்து காலை 7.10க்கு ஆட்டோ, சுவாமி விவேகானந்தா ரோடு மெட்ரோ வரை. மெஜஸ்டிக்கில் பச்சை வழித்தடத்துக்கு மாறி, சில்க் இன்ஸ்டிடியூட்டில் இறங்கியபோது 8.40. மெட்ரோவுக்கு எண்பது ரூபாய். அங்கிருந்து மறுபடி ஆட்டோ, பதினோரு கிலோமீட்டர், 250 ரூபாய். ஓட்டுநர் தங்கவயல் தமிழர். நான் போனில் தமிழ் பேசியதும் ஆரம்பித்துவிட்டார்.

"மேடம், பையில முறுக்கு கிறுக்கு இருந்தா இங்கயே சாப்ட்ருங்க. கேட்ல புடுங்கிக்குவாங்க."

"ஒண்ணும் இல்லண்ணா."

"எல்லாரும் அதான் சொல்றாங்க. போன வாரம் ஒருத்தர் ஷேவிங் டப்பால மிக்சர் வச்சினு போனார்."

சிரித்தேன். நானும் ஒன்றை ஒளித்துவிட்டு வந்தவள்தான் என்று அவருக்கு எங்கே தெரியும்?

சேர்க்கைப் படிவத்தில் 'தற்போது எடுக்கும் மருந்துகள்' என்று ஒரு கட்டம். 'இல்லை' என்று எழுதினேன். ஒரு நொடி யோசிக்கக்கூட இல்லை, அதுதான் கொடுமை.

இருவர் அறை, சாப்பாடு சிகிச்சை எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 1,800 ரூபாய். ஐந்தரைக்கு மணி அடிப்பார்கள். ஆறு மணிக்கு யோகா, பிறகு வெண்பூசணிச் சாறு, வயிற்றில் குளிர்ந்த மண் பட்டி, இடுப்புக் குளியல். மண் பட்டி இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்துக்காகவே இன்னொரு முறை போவேன். உப்பில்லாத கூட்டைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை.

முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் காலை, தலையைத் திருப்பினால் உள்ளே கரண்ட் அடித்த மாதிரி சுருக்கென்றது. தலை சுற்றல், குமட்டல். சவாசனத்தில் படுத்தவள் காரணமே இல்லாமல் விசும்பி விசும்பி அழுதேன். என் அறையில் தங்கியிருந்த ரிச்சர்ட்ஸ் டவுன் ஸ்டெல்லா ஆன்ட்டி, முட்டி வலிக்காக வந்தவர், முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"நல்ல சைன் கண்ணு இது. பாய்சன் எல்லாம் வெளிய போகுது. எனக்கும் போன வருஷம் இங்க வந்தப்ப தலைவலி வந்து வந்து போச்சு."

அட, அப்படியென்றால் வேலை செய்கிறது! அந்தக் கரண்டை நான் கொண்டாடினேன் என்றால் நம்புவீர்களா? நாலாம் நாள் எழுந்து நிற்க முடியாமல் குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் பயம் பிடித்தது. ஆன்ட்டி ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தார்.

அந்த இயற்கை மருத்துவ டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். பிபி பார்த்தார், நாடி பார்த்தார், அப்புறம் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நிஜம் சொல்லுங்க. ஏதாவது டேப்லெட்ட சடன்னா நிறுத்தினீங்களா?"

சொன்னேன். அவர் திட்டவில்லை.

"இது கழிவு வெளிய போறதில்ல மேடம். மாத்திரைய டக்குனு நிறுத்தினதால வர்றது. உங்க டாக்டர் நம்பர் குடுங்க, இப்பவே பேசறேன்."

"இங்க வந்தா மாத்திரையே வேணாம்னு நெனச்சேன்."

"நாங்க என்ன அவருக்கு ஆப்போசிட் பார்ட்டியா? அவரு உங்கள அந்தப் பக்கம் புடிக்கிறாரு, நாங்க இந்தப் பக்கம். கொறைக்கணும்னா அவர்தான் கொறைக்கணும், மெதுவா."

பேசிவிட்டு வந்து, மனநல டாக்டர் பழைய அளவிலேயே உடனே தொடரச் சொல்கிறார் என்றார். சரவணனுக்குப் போன் போட்டேன்.

"பருப்பு டப்பா பின்னாடியா? ஏன்டி, நானா உன் மாத்திரையத் திருடப் போறேன்?"

மதியம் ஒன்றரைக்கு ஆபீஸ் அடையாள அட்டை கழுத்தில் தொங்க, கையில் என் மாத்திரை அட்டையோடு வந்து நின்றார். அவரைப் பார்த்ததும் மறுபடி அழுகை. "நீ நல்லாயிருந்தா போதும். மாத்திரையில நல்லாயிருந்தா என்ன, மண்ணுல நல்லாயிருந்தா என்ன," என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் கண் முன்னாலேயே ஒன்றை விழுங்கினேன். கிளம்புகிற அன்றைக்குத் தலைச்சுற்றல் பெரும்பாலும் விட்டிருந்தது. மூச்சுப் பயிற்சியைக் காலை இருபது நிமிஷம் இன்றும் செய்கிறேன், தூக்கம் பரவாயில்லை.

போகிறவர்களுக்கு: இரண்டு துண்டு, பழைய பருத்தி உடுப்பு, ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள், விடியலில் குளிரும். வார நாளில் போனால் அறை சுலபமாகக் கிடைக்கும். சாப்பிடுகிற மாத்திரை எதுவானாலும் சீட்டோடு கொண்டுபோய், படிவத்தின் அந்தக் கட்டத்தில் அதன் பெயரை எழுதுங்கள். நான் கிளம்பும்போது படிவத்தைக் கேட்டு வாங்கி, 'இல்லை'யை அடித்துவிட்டு மாத்திரையின் பெயரை எழுதினேன்.

இப்போது மாத்திரை அட்டை சாப்பாட்டு மேசையில், உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. போன ஞாயிறு வீட்டுக்கு வந்த நாத்தனார் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது யாருது அண்ணி?"

"என்னுதுதான்," என்று வாங்கி ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்தேன். "அந்தத் தண்ணிய இப்படி எடு."