ஒரே வரிசையில் ஆறு குதிரைகள்

திருவள்ளூரில் முதல் எலெக்ட்ரிக் கிதார் என்னுடையதுதான். இதை நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்? எழுபதுகளில் காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். படிப்பு ஐந்தாவதோடு சரி. ஆனால் நான் கடைந்து அனுப்பிய தண்டு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. கிதார், மெட்ராஸில் ஒரு பழைய சாமான் கடையில் இருந்ததிலேயே மலிவானது. எங்கள் ஊர் மெல்லிசைக் குழுவில் ஓர் இடம் காலி. அக்கார்டியன் வாசிக்கிற மாஸ்டர்தான் தலைவர். ஞாயிற்றுக்கிழமை கல்யாணக் கச்சேரியில் சுருதி நின்றால் இடம் எனக்கு என்றார்.

தந்தி கழுத்தைவிட்டு ஏகத்துக்கும் தூக்கிக்கொண்டு நின்றது. அழுத்தினால் விரலை அறுத்தது. இறக்கினால் ஃப்ரெட் கம்பிகளில் உராய்ந்து கரகரத்தது. இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் தகட்டை விட்டுப் பார்த்துப் பார்த்து அதைச் சரிக்கட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். அடியில் தந்தியைத் தாங்க, தந்திக்கு ஒன்றாக ஆறு சின்னக் குதிரைகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு திருகு. எல்லாம் முன்னும் பின்னுமாகக் கோணிக்கொண்டு நின்றன. மாட்டியவன் குடித்துவிட்டு மாட்டியிருக்கிறான் என்றே நினைத்தேன். மூலைமட்டம் வைத்து ஆறையும் ஒரே வரிசையில் நிறுத்தி, இனி அசையவே கூடாதென்று இறுக்கினேன்.

விரல் வைக்காமல் மீட்டினால் வெறும் தந்தி சுத்தமாகப் பேசியது. மேல் ஃப்ரெட்டுக்குப் போகப் போகச் சுருதி ஏறியது. புதுத் தந்தி போட்டேன்; ஏறியது. கழுத்தை நிமிர்த்தினேன், அப்போதும் ஏறியது. ஞாயிறு காலை ஒத்திகையில் மாஸ்டர் அக்கார்டியனை மூடிவிட்டார்.

"இன்னா நைனா, கீழ கச்சேரியாகீது, மேல மீன் மார்க்கெட்டாகீது?"

மத்தியானம்தான் பிடிபட்டது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, நானே கண்டுபிடித்தேன். தடித்த தந்திக்குச் சற்றுக் கூடுதல் நீளம் வேண்டும். அந்தக் கோணல் வேண்டுமென்றே வைத்தது. நான்கு குதிரைகள் சொன்னபடி நகர்ந்தன. தடித்த தந்தி இரண்டிலும் நான் இறுக்கிய இறுக்கில் மரை போயிருந்தது. பின்னால் தள்ளினால் தந்தி முன்னால் இழுத்துக்கொண்டது. புது மரை வெட்டப் பார்த்தேன். மட்டமான வார்ப்பு, மாவாக உதிர்ந்தது. இரும்பையே அடக்கியவனுக்கு இந்தத் தகரத்திடம் தோல்வி.

மேடை ஏறுமுன் மாஸ்டர் காதருகே வந்தார்.

"நாலாவது ஃப்ரெட்டத் தாண்டாத. தாண்டுனா, அத்தத் தூக்கினு ஊட்டுக்குப் போய்க்கினே இரு."

தாண்டவில்லை. சுருதி நின்றது, இடமும் கிடைத்தது. மேலே வாசிக்கவென்று நான் பழகி வைத்திருந்த இடங்களையெல்லாம் அவர் அக்கார்டியனில் வாசித்தார். நான் கீழேயே சுரண்டிக்கொண்டிருந்தேன். கைதட்டல் அவர் பக்கம் போனது.