இடியக்காவும் ஆளில்லாத இரண்டாம் பேஸும்

மைதானத்தில் அவளுக்கு இடியக்கா என்று பெயர். வார நாட்களில் நகரப் பேருந்து ஓட்டுவாள். விடுமுறை நாட்களில், அலுவலக அணிகளும் ஆலை அணிகளும் மோதுகிற பேஸ்பால் லீகில் அம்பயராக நிற்பாள். மட்டைக்காரன் கோட்டைவிட்ட பந்துக்கு அவள் "ஸ்ட்ரைக்!" என்று போடுகிற சத்தத்தில், வேலிக்குப் பின்னால் குட்டித் தூக்கம் போடுகிற மாற்று ஆட்டக்காரர்கள் எழுந்து உட்காருவார்கள். கோபமும் அந்தத் தொண்டைக்குத் தக்கபடிதான். ஓடும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவனைக் கண்டால் வண்டியை ஓரம் கட்டி, அவனை உள்ளே ஏற்றி உட்கார வைத்து, அதன் பிறகு நிதானமாகத் திட்டுவாள்.

அவளை அம்பயர் வேலைக்கு இழுத்து வந்தது அவளுடைய கொழுந்தன். புருஷனுக்கு ஒரே தம்பி. விளையாட்டுச் சாமான் கடையில் விற்பனையாளன், அம்பயர் சங்கத்துக்குச் செயலாளன். பேச்சில் தேன் ஒழுகும். "அண்ணி, உங்க தொண்டையை வெறும் ஹாரனுக்குப் பதிலா வச்சிட்டிருக்கீங்களே" என்று சொல்லிச் சொல்லியே அவளைக் களத்தில் இறக்கிவிட்டான். விதிப் புத்தகத்தை அவள் டிப்போ ஓய்வறையில் உட்கார்ந்து கரைத்துக் குடித்தாள். வந்த சில சீசன்களிலேயே, மட்டைக்காரன் நின்று அடிக்கிற பிளேட்டுக்குப் பின்னால் நிற்க அவளை விட்டால் ஆள் இல்லை என்று ஆயிற்று.

பிளேட் அம்பயரின் இடம் வசதியான இடமில்லை. பந்தைப் பிடிக்கிற கேச்சர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பான். அவன் தோளுக்கும் மட்டைக்காரனுக்கும் நடுவில் கிடைக்கிற சந்தில், தன் மோவாய் அவன் தலை உயரத்தில் இருக்கும்படி குனிந்து நிற்க வேண்டும். அங்கிருந்துதான் பந்து எந்தப் பக்கம் போகிறது என்பது ஒழுங்காகத் தெரியும். மட்டையில் உரசித் திசை மாறுகிற பந்து நேராக வந்து அறைவதும் அங்கேதான். அறைந்தால் தாங்குவதற்கு முகத்தில் ஒரு கம்பி மாஸ்க், நெஞ்சில் ஒரு கவசம், காலில் காப்புப் பட்டைகள்.

சங்கம் கொடுத்த நெஞ்சுக் கவசம் அகன்ற மார்புள்ள ஆம்பிளைக்குச் செய்தது. பட்டைகளைக் கடைசி ஓட்டை வரை இழுத்துக் கட்டினாலும், அவள் குனிந்ததும் அது கதவு மாதிரி முன்னால் திறந்துகொள்ளும். கழுத்தெலும்பு இரண்டும் வெளியே எட்டிப் பார்க்கும். சீசன் தொடங்கிய அன்றே கொழுந்தனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இதைப் பாரு. நான் குனிஞ்சா என் கை முழுசா உள்ள போகுது."

"எல்லாருக்கும் பொதுவா வர்ற சைஸ் அண்ணி அது. போடப் போடப் பழகிடும்."

"பழகறதுக்கு இது என்ன செருப்பா? உள்ள இருக்கறது எலும்புடா."

"அடுத்த சீசனுக்குக் கண்டிப்பா பாத்துடலாம்."

அவன் சிரித்தபடியே போய்விட்டான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, கவசத்துக்கு உள்ளே ஒரு துண்டை மடித்து வைத்துக்கொண்டு நின்றாள்.

அச்சகத்து அணிக்கும் குடிநீர் வாரியத்து அணிக்கும் நடந்த ஆட்டத்தில் இருந்த அம்பயர்கள் இரண்டே பேர். அவள் பிளேட்டில்; அடித்தவன் ஓடி வரிசையாகத் தொட வேண்டிய பேஸ்களில் முதலாவதில் கொழுந்தன். ஆட்டம் தொடங்கும் முன் எப்போதும்போல அவனை ஓரமாக அழைத்துப் பேசினாள். ஆள் குறைவாக இருக்கும்போது யார் எதைப் பார்ப்பது என்பது வாய்விட்டுப் பேசித் தீர வேண்டிய விஷயம்.

"பேஸ்ல யாரும் இல்லாதப்ப பந்து தூக்கி அடிச்சு தூரமா போச்சுன்னா, புடிச்சானா இல்லையான்னு பாக்க நீ ஓடுவ. ஓடினா, அடிச்சிட்டு ஓடற ரன்னர் என்னோடது. நீ நின்னுட்டா உன்னோடது. ஓடறதுன்னா 'போறேன்'னு ஒரு சத்தம் குடு. நீ சத்தம் குடுக்காம எனக்குத் தெரியாது."

"அண்ணி, இதை நீங்க தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்."

ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில், வாரியத்து மட்டைக்காரன் வீசிய மட்டையில் பந்து லேசாக உரசியது. உரசிய பந்து கேச்சரின் கையுறைக்கு மேலாக எழும்பி, கவசம் திறந்துகொண்ட அந்தச் சந்துக்குள், மடித்து வைத்த துண்டையும் தாண்டி, அவளுடைய வலது கழுத்தெலும்பில் இறங்கியது. அவள் ஒரு முழங்காலில் சரிந்தாள். கண்ணில் பூச்சி பறந்தது.

கேச்சர் மாஸ்க்கைத் தூக்கிவிட்டுத் திரும்பினான். "அக்கா, சத்தம் எனக்கே கேட்டுச்சு. உக்காருங்க."

கொழுந்தன் நடந்து வந்தான். ஓடி வரவில்லை, நடந்து வந்தான். "முடியலைன்னா நான் பிளேட்டுக்கு வந்துடறேன் அண்ணி."

"நீ இங்க வந்தா அங்க யாரு நிப்பா? உங்க அண்ணனா?" என்றாள். எழுந்து, இடது கையால் மாஸ்க்கை மாட்டிக்கொண்டாள். வலியைவிட எரிச்சல்தான் அவளை நிறுத்தி வைத்தது. அன்று மிச்ச ஸ்ட்ரைக் எல்லாவற்றையும் இடது கையால்தான் காட்டினாள்.

கடைசிச் சுற்றில் அது நடந்தது. பேஸ்களில் யாரும் இல்லை. வாரியத்து ஆள் ஒருவன் பந்தை வலப்பக்க மைதானத்துக்குத் தூக்கி அடித்தான். அச்சகத்துக்காரன் பாய்ந்து விழுந்தான். பந்து அவன் கையுறையில் பட்டு உருண்டது. அடித்தவன் முதல் பேஸைத் தாண்டி இரண்டாவதுக்கு ஓடினான். அங்கே கொழுந்தன் இருப்பான் என்று அவள் நினைத்தாள். எந்தச் சத்தமும் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால், அவன் வெளி மைதானத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு, விழுந்த பந்தைப் பார்த்து நின்றான். இரண்டாம் பேஸில் அம்பயர் என்று ஒரு ஈ காக்கை இல்லை.

அவள் ஓடினாள். ஒவ்வொரு எட்டுக்கும் எலும்பு குத்தியது. பாதி தூரம் போவதற்குள் பந்து வந்துவிட்டது, ரன்னர் சறுக்கினான், பந்தோடு கையுறை அவன் மேல் இறங்கியது. எல்லாமே ரன்னரின் முதுகுக்கு அந்தப் பக்கம். அவளுக்குத் தெரிந்தது புழுதி மட்டும்.

"சேஃப்!" என்றாள். கையுறை தொடுமுன் அவன் பேஸைத் தொட்டுவிட்டான் என்று அர்த்தம்.

மைதானமே அவள் மேல் பாய்ந்தது. அச்சகத்துக் கோச் தொப்பியைத் தரையில் அடித்துக்கொண்டு வந்தார். "காலுக்கும் பேஸுக்கும் நடுவுல ஒரு பஸ்ஸே போகும்மா! உங்க பஸ்ஸு!"

விதிப்படி, தீர்ப்புச் சொன்ன அம்பயர் விரும்பினால் இன்னொரு அம்பயரைக் கேட்கலாம். அவள் கொழுந்தனிடம் போனாள். "நீ பாத்தியா?"

"நான் கேட்ச்சைப் பாத்துட்டிருந்தேன் அண்ணி. ரன்னர் உங்களோடதாச்சே."

"போறேன்னு ஏன் சொல்லல?"

"சொன்னேனே. உங்களுக்குக் கேக்கல."

அவளுக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. இத்தனை பேர் முன்னால் அவன் பொய் சொல்கிறான், அதுவும் முகத்தில் அந்தச் சிரிப்பு மாறாமல். சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அம்பயரை அம்பயர் களத்தில் உலுக்கக் கூடாது என்பதும் தெரியும். திரும்பி நடந்தாள். அடுத்து வந்தவன் அடித்த அடியில் அந்த ரன்னர் பிளேட்டுக்கே திரும்பி வந்து ஓட்டம் சேர்த்தான். அச்சகம் தோற்றது.

எக்ஸ்ரேயில் எலும்பில் மயிரிழை விரிசல் தெரிந்தது. கையைக் கழுத்தோடு தொட்டில் போலத் தூக்கிக் கட்டினார்கள். பஸ் ஓட்டக் கூடாது என்றார்கள். டிப்போவில் அவளைத் தொலைந்த சாமான் அறையில் உட்கார வைத்தார்கள். குடைகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவில் உட்கார்ந்து அவள் நாள் முழுக்கக் கொதித்தாள்.

அச்சகத்தார் புகார் கொடுத்தார்கள். சங்கக் கூட்டம் தலைவரின் கடையில் நடந்தது. அவர் மூக்குக்கண்ணாடி வியாபாரி. அம்பயர் சங்கத்துக்குக் கண்ணாடிக்காரர் தலைவர் என்று ஊரே சிரிப்பதை அவர் பெருமையாகத்தான் எடுத்துக்கொள்வார். சுவரில் பெரிசாகத் தொடங்கிச் சிறிசாகப் போகிற எழுத்துகள். அதன் கீழே நாற்காலிகள். அவளைக் கூட்டி வந்த புருஷன் வாசலோடு நின்றுகொண்டார்.

"அவன் அவுட்டுதான்" என்று அவளே தொடங்கினாள். "நான் சொன்னது தப்பு. முதுகு மறைச்சுது, பாக்காமலே சொன்னேன். அதை ஒத்துக்கறேன். ஆனா நான் ஏன் அவ்வளவு பின்னாடி இருந்தேன்னு இவனைக் கேளுங்க."

"நான் கத்தினேன்" என்றான் கொழுந்தன், வருத்தமான குரலில். "அண்ணிக்குப் பாவம் அடி பட்டிருந்துச்சு. வலியில கேட்டிருக்காது."

"பஸ்ல கடைசி சீட்டுல சில்லறை விழுந்தா எனக்குக் கேக்கும்டா! அடி காதுலயா பட்டுச்சு? பட்ட இடத்தைப் பத்தி பேசுவமா? நான் சீசன் ஆரம்பத்துலயே இந்தக் கவசம் பத்தலைன்னு..."

தலைவர் கையை உயர்த்தினார். "ரெண்டு பேரும் ஒரே குடும்பம். வீட்டுல உக்காந்து பேசித் தீத்துக்குங்க. நீங்க கொஞ்ச நாள் ஓய்வெடுங்கம்மா. அதுதான் எல்லாருக்கும் நல்லது."

"குடும்பம்னா தப்பும் என்னோடது, ஓய்வும் என்னோடது, செயலாளர் நாற்காலி மட்டும் அவனோடதா?" அவள் குரலில் கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. எல்லோரும் சுவரில் இருந்த எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுடைய புருஷன் பேக்கரியில் மாவு பிசைகிறவர். வாய் திறப்பது சாப்பிட மட்டும்தான் என்று அவள் சொல்வாள். அவளால் கையைத் தூக்க முடியாததால், காலையில் அவர்தான் தலை வாரிப் பின்னிவிட்டார். பின்னல் ரொட்டி முறுக்கு மாதிரி இருந்தது. பின்னிக்கொண்டே சொன்னார்: "அவன் சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். ஜன்னலை உடைச்சிட்டு, பந்து தானா போச்சுன்னுவான்."

அவள் விருட்டென்று திரும்பியதில் பின்னல் அவிழ்ந்தது. "இது தெரிஞ்சிருந்தும் அந்த ரூமுக்கு வந்து ஏன் சொல்லல? வாசல்லதானே நின்னீங்க? மாவு மாதிரி நின்னீங்க!"

அவர் அவிழ்ந்ததை மறுபடி பின்னிவிட்டு வேலைக்குப் போனார். அன்று வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வரவில்லை. தம்பியின் கடைக்குப் போனார். அங்கே என்ன பேசினார் என்று யாருக்கும் தெரியாது. மட்டைகள் அடுக்கியிருந்த அலமாரி ஒன்று சாய்ந்தது என்று பிறகு கேள்விப்பட்டாள்.

மறுநாள் கொழுந்தன் வீட்டுக்கு வந்தான். சமையலறை வாசலில் நின்றான். "அண்ணி, நான் கத்தல. பந்தையே பாத்துட்டு ஓடிட்டேன். மறந்துட்டேன்."

"இதை என் அடுப்புகிட்ட சொல்லாத. நீ பொய் சொன்ன ரூம்ல போய்ச் சொல்லு."

போனான். ஆனால் அடுத்த கூட்டத்தில் அவன் சொன்னது வேறு: "கத்தினதா ஞாபகம். கத்தாமயும் இருந்திருக்கலாம். உறுதியா சொல்ல முடியல." அந்த வழுக்கல் போதும் என்று தலைவருக்குத் தோன்றியது. அவளுடைய ஓய்வை ரத்து செய்தார். அவளுக்கோ முழுப் பொய்யைக் காட்டிலும் அந்த அரை உண்மைதான் அதிகமாக உறுத்தியது. இனி அவனோடு களத்தில் நிற்க மாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தாள். அவன் செயலாளனாகவே நீடித்தான்.

எலும்பு கூடியதும் புதுக் கவசம் வாங்கப் போனாள்; கொழுந்தன் கடைக்கு இல்லை, நகரத்தின் மறுகோடியில் இருந்த கடைக்கு. ஒவ்வொன்றையும் சட்டைக்கு மேல் மாட்டி, கடை நடுவில் பிளேட்டுக்குப் பின்னால் நிற்பதுபோலக் குனிந்தாள். நின்றபோது பொருந்தியவை எல்லாம் குனிந்தபோது விலகின. "குனிஞ்சு பாக்காம எவனோ அளவெடுத்திருக்கான்" என்று திட்டிக்கொண்டே கழற்றிப் போட்டாள். வழியில் நின்றவர்கள் சுற்றிப் போனார்கள். கடைசியாக ஒன்று, குனிந்தபோதும் தொண்டைக் குழி வரை ஒட்டி நின்றது. கூட வந்திருந்த புருஷனைப் பந்தால் அழுத்திப் பார்க்கச் சொன்னாள். அவர் தயங்கினார்.

"அழுத்துங்க. மாவுன்னு நெனச்சுக்குங்க."

அழுத்தினார். பந்து உள்ளே போகவில்லை. அதையே வாங்கினாள்.

மறுபடி பிளேட்டுக்குப் பின்னால் நின்றாள். கூட நின்றது தபால் ஆபீஸ் குமாஸ்தா ஒருவர். மெலிந்த குரல்காரர், ஆனால் வெளியே ஓடும்போதெல்லாம் உயிர் போகிற மாதிரி கத்துவார். அச்சகத்துக் கோச் முதல் ஆட்டத்திலேயே வாதாட வந்தார். அவளும் விடவில்லை. ஆட்டம் முடிந்ததும் அவரே தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள், சிரிக்கவில்லை.

மழைக் காலத்தில் ஒருநாள், அவள் ஓட்டிய பஸ்ஸில் கொழுந்தன் ஏறினான். நனைந்திருந்தான். ஓட்டுநர் இருக்கையில் அவளைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டான்.

"அண்ணி" என்றான்.

அவன் அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்து அவள் அவனை நீ, வா, போ என்றுதான் பேசியிருக்கிறாள். திட்டும்போதும் அப்படித்தான்.

கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியைப் பார்த்தபடி சொன்னாள்: "படியில நிக்காதீங்க. உள்ள தள்ளிப் போங்க."

அந்த 'ங்க' அவன் முகத்தில் அறைந்தது. உள்ளே போனான். அவள் கதவை மூடி, கியர் போட்டாள்.