நம்பர் போட்ட கேபின் காணாமல் போனது

1. பாஸ்போர்ட் வெளியே வந்தது

காலையில் டியூட்டி வேனில் ஏறப் போனேன். மலையாளி ஃபோர்மேன் வர்கீஸ் கையை நீட்டித் தடுத்தார்.

"நீ கேறண்டா. ஆபீஸ்ல உன் பாஸ்போர்ட்டை எடுத்து மேசை மேல வச்சிருக்கு."

கல்ஃபில் வேலை பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நம் பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில் இருக்கும். அது வெளியே வந்தால் ஒன்று லீவு, இல்லையென்றால் விசா கேன்சல், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். நான் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. லீவு இல்லை.

அது துபாய். எண்பதுகளின் நடுப்பகுதி. நாடு முழுக்க சென்சஸ் எடுத்தார்கள். ஆட்களை எண்ணுவதற்கு முன்னால் வீடுகளை எண்ண வேண்டும். அங்கே தெருப் பேர் கிடையாது, வீட்டு நம்பர் கிடையாது. தபால் எல்லாம் கம்பெனி பாக்ஸுக்குத்தான் வரும். அதனால் ஆள் குடியிருக்கும் ஒவ்வொரு கதவுக்கும் பக்கத்தில் பெயிண்டால் ஒரு நம்பர் போடச் சொன்னார்கள். அந்த வேலையை எங்கள் பெயிண்டிங் கம்பெனி எடுத்திருந்தது.

நான் ஐந்தாவது வரை படித்தவன். அரபி நம்பரை அங்கே போய்த்தான் கற்றேன். அவர்கள் ஐந்து நம் சைபர் மாதிரி இருக்கும். அவர்கள் சைபர் வெறும் புள்ளி. தகரத்தில் வெட்டிய அச்சு, சிவப்பு பெயிண்ட், ஒரு பிரஷ், தின்னர். கதவுக்கு வலது பக்கம், தோள் உயரம். முன்னால் ஒரு பாலஸ்தீன வாத்தியார் லிஸ்ட் எழுதிக்கொண்டே போவார். அவர் சொல்லும் நம்பரை நான் பின்னால் போடுவேன். சத்வாவில் தையல் கடைகளுக்கு மேலே இருந்த மாடி ரூம்களுக்குப் போட்டேன். கடைக்குப் பின்னால் ப்ளைவுட் அடித்துக் குடியிருந்தவர்களுக்குப் போட்டேன். அல் கூஸில் லேபர் கேம்புகளுக்குப் போட்டேன்.

அல் கூஸில்தான் தகராறு. வீடு எண்ணி முடித்துச் சில வாரம் கழித்து ஆள் எண்ணப் போனார்கள். ஒரு கேம்பில் வரிசையாகப் போர்ட்டா கேபின்கள், பெட்டி மாதிரி வீடுகள். அதில் ஒன்று இல்லை. ஒரு நம்பர் இருக்கிறது, அடுத்தது இல்லை, அதற்கு அடுத்தது இருக்கிறது. நடுவில் வெறும் மணல்.

வேறு பேட்டையில் ஒரு பெயிண்டர் டார்கெட் முடிக்க இல்லாத வீட்டுக்கெல்லாம் நம்பர் போட்டதாகச் சொல்லி மாட்டிக்கொண்டிருந்தான். அதனால் என்னையும் அப்படியே நினைத்தார்கள். என்னோடு வந்த வாத்தியார் ஸ்கூல் லீவுக்கு ஜோர்டானில் இருக்கும் அம்மானுக்குப் போய்விட்டார். கேட்க ஆள் இல்லை.

"எடோ, நீ அந்தக் கேபினைக் கண்டது நிஜம்தானா?" என்றார் வர்கீஸ், ஆபீஸுக்குள் போனதும்.

"கண்டேன் சார். பெயிண்ட் அடிச்சேன்."

"பின்னே அது பறந்து போயோ?"

சென்சஸ் சூப்பர்வைசர் அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உஸ்மான் என்று பேர், சூடான் நாட்டுக்காரர். உயரமான ஆள். எங்களைப் போலவே ஓட்டை இந்தி பேசுவார். அவர் என் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் சிவப்பு இருந்தது.

"சனிக்கிழமை வரை டைம். கேபினைக் காட்டு. மாஃபி கேபின் என்றால், கலாஸ்." மாஃபி என்றால் இல்லை, கலாஸ் என்றால் தீர்ந்தது.

அன்றைக்கு வியாழன்.

2. கான் பாய் சொன்னது

வாத்தியார் எனக்கு ஒரு விதி சொல்லியிருந்தார். சக்கரம் இருந்தால் நம்பர் போடாதே, சக்கரம் இல்லாவிட்டால் போடு. அந்தக் கேபினுக்குச் சக்கரம் இல்லை. சிமெண்ட் பிளாக் மேல் உட்கார்ந்திருந்தது. போட்டேன். கல்ஃபில் சக்கரம் இல்லாததும் நகரும் என்று அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. கிரேன் இருக்கிறது, டிரைலர் இருக்கிறது. வேலை எங்கேயோ அங்கே வீட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

அன்றே கேம்புக்குப் போனேன். மணலில் பிளாக் பதிந்த தடம் நாலு மூலையிலும் இருந்தது. வாட்ச்மேனைக் கேட்டேன். தெரியாது என்றான். தெரியும் என்று முகம் சொன்னது.

ரோட்டோரம் டீக்கடையில் டிரைலர்கள் நிற்கும். ஒவ்வொரு டிரைவராகக் கேட்டேன். கான் என்று ஒரு பாகிஸ்தான் பட்டாணிக்காரர். அவர் இந்தியில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"அந்த டப்பாவா? நான்தான் தூக்கினேன். உள்ளே கட்டில், சட்டி, பக்கெட் எல்லாம் அப்படியே இருந்தது. ரோடு பூரா கடமுடா கடமுடா. உன் நாட்டுக்காரங்க பின்னால பிக்கப்ல உட்கார்ந்துக்கிட்டு, மெதுவா மெதுவான்னு கத்திக்கிட்டே வந்தாங்க."

டைல் ஃபேக்டரி ஒன்றின் பின்பக்க யார்டில் இறக்கியதாகச் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. அப்போது அவர் என் தோளைப் பிடித்தார்.

"பாய், யோசிச்சுப் போ. அங்கே ஆள் தூங்க பர்மிஷன் இல்லை. கம்பெனி ரகசியமா வச்சிருக்கு. கவர்மெண்ட் ஆளைக் கூட்டிட்டுப் போனா, சீல் வைப்பான். அவனுங்க எங்கே போவானுங்க?"

டீ ஆறிப்போனது. நான் தப்பிக்க ஒரே வழி, அவர்களைக் காட்டிக் கொடுப்பது. அவர்களை நான் பார்த்ததுகூட இல்லை. நம்பர் போட்ட நேரத்தில் எல்லாரும் சைட்டில் இருந்தார்கள். நேராக உஸ்மானைக் கூட்டிக்கொண்டு போகலாம். யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனாலும் கால் அந்தப் பக்கம் போகவில்லை. முதலில் தனியாகப் போவோம் என்று நினைத்தேன்.

3. வெள்ளிக்கிழமை

லீவு நாள். ஆட்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். உடைந்த டைல் குவியலுக்குப் பின்னால் கேபின். சுவரில் என் நம்பர், பாதியை ஒரு லுங்கி மறைத்திருந்தது.

"யாருய்யா அது?"

கேட்டவர் முனியாண்டி அண்ணன். சிவகங்கைப் பக்கம். அந்தக் கேபினுக்கு அவர்தான் மூத்தவர்.

"கருப்பையாண்ணே. அறந்தாங்கி. இந்த நம்பரைப் போட்டது நான்தான்."

"அட, நீதானா? நாங்க சைட்லேர்ந்து வந்து பாத்துட்டு, ஏலம் போடப் போறாய்ங்கன்னுல நெனச்சோம்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னேன். பாஸ்போர்ட், சனிக்கிழமை, உஸ்மான், பர்மிஷன். எதையும் மறைக்கவில்லை. சிரிப்பு நின்றது.

செல்வம் என்று ஒருத்தன், என் வயசு, பக்கெட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"நல்லா இருக்குடா கதை. உன் விசா பொழைக்க எங்க விசா போகணுமா? இங்கன எந்திரிச்சு நாலு எட்டு வச்சா வேலை. கேம்புக்குத் திருப்பிவிட்டான்னா விடியுமுன்ன பஸ்ஸுக்கு நிக்கணும். அது பரவாயில்ல. ஏன்டா மாட்டிவிட்டீங்கன்னு கம்பெனி எங்களக் கேன்சல் பண்ணுனா? உங்கப்பனா சோறு போடுவான்?"

"அப்பா இல்லைங்க," என்றேன்.

"பாவம் பாக்க வைக்கிறான் பாரு," என்றான் செல்வம்.

மூலையில் ராஜு என்று ஒரு சிலோன்காரர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஹட்டன் பக்கம், தேயிலைத் தோட்டத்து ஆள்.

"எங்க தோட்டத்துல நாங்க குடியிருந்த லயத்துக்கும் நம்பர் இருந்திச்சு, ஆளுக்கும் நம்பர் இருந்திச்சு," என்றார். "தொரைக்கு எங்க பேரு தெரியாது. ஆனா ஒரு ஆளு கொறஞ்சா தேடி வருவாங்க. இங்க ராத்திரி இந்தப் பொட்டி பத்திக்கிட்டா, உள்ள யாரு இருந்தாங்கன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. எண்ணிட்டுப் போகட்டுமே."

"எண்ணுறவன் சோறா போடப் போறான்?"

"நீ சோத்துலயே நில்லுடா செல்வம்," என்றார் ராஜு.

மறுபடி சத்தம். ஆளுக்கு ஒன்று பேசினார்கள். ஒரே குழாய், அதிலும் உப்புத் தண்ணி என்றார் ஒருவர். கக்கூஸ்கூட இல்லை, டைல் குவியல்தான் என்றார் இன்னொருவர். ஆனாலும் தூக்கம் கிடைக்கிறதே என்றார் வேறொருவர். நான் வாசலில் நின்றேன். உட்காரச் சொல்லவில்லை.

கடைசியில் முனியாண்டி அண்ணன் லுங்கியை நம்பர் மேலிருந்து எடுத்து உதறி, வேறு கொடியில் போட்டார்.

"கேக்காமக் கூட்டியாந்திருந்தேன்னா டைலாலயே அடிச்சிருப்பேன். வந்து கேட்டுட்டே. இனி என்னத்தச் சொல்றது. கூட்டிட்டு வா."

"அண்ணே..." என்றான் செல்வம்.

"நம்ம புள்ளைல ஒருத்தன் பாஸ்போர்ட்டு மேசையில கெடந்தா?"

செல்வம் அடுப்புப் பக்கம் போய்ச் சட்டி மூடியைத் திறந்தான். "சோறு வெந்துருச்சு. வந்தவன் தின்னுட்டுப் போகட்டும். நாளைக்கு யாரு எங்க இருப்பமோ," என்றான்.

கருவாட்டுக் குழம்பு. சாப்பிட்டேன்.

4. தாத்தா பேர்

சனிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரம் உஸ்மானைக் கூட்டிப் போனேன். வழியில் அந்த ஆட்களுக்கு என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

அவர் முதலில் சுவரைப் பார்த்தார். நம்பரைத் தடவிப் பார்த்தார். "உன் கை," என்றார். அவ்வளவுதான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கம்பெனி ஆள் யாரும் அந்தக் கேபினுக்குள் செருப்பைக் கழற்றியதில்லை என்று பிறகு சொன்னார்கள்.

கட்டில் மேல் உட்கார்ந்து ஒவ்வொருத்தராகக் கேட்டார். பேர். அப்பா பேர். தாத்தா பேர். அரபு நாட்டுக் கணக்கில் மூன்றும் வேண்டும். அப்பா பேர் எல்லாரும் சொன்னார்கள். தாத்தா பேரில் சிலர் நின்றுவிட்டார்கள். செல்வத்துக்குத் தெரியவில்லை.

"மாஃபி தாத்தா," என்றான்.

உஸ்மான் பேனாவைத் தூக்கினார். "தாத்தா இல்லாமல் எப்படி வந்தாய்? கிரேனில் வந்தாயா?"

சிரிப்பில் கேபினே அதிர்ந்தது. செல்வம் தலையைச் சொறிந்து யோசித்து, தன் குலசாமி பேரைச் சொன்னான். அதையே எழுதிக்கொண்டார். துபாய் கணக்கில் அந்தச் சாமி இன்னும் இருக்கும்.

எல்லாம் முடிந்ததும் முனியாண்டி அண்ணன் பால் இல்லாத டீ கொடுத்து, மெதுவாகக் கேட்டார். "சாப், இங்கே தூங்க பர்மிஷன் இல்லை. தெரியுமா?"

உஸ்மான் டீயைக் குடித்து முடித்தார்.

"எண்ணுவது என் வேலை. மற்றவன் வேலையை நான் பார்ப்பதில்லை," என்றார்.

பழைய நம்பர் பழைய இடத்துக்குரியது என்று சொல்லி, புது நம்பர் கொடுத்தார். நான் பழையதை தின்னர் போட்டுத் துடைத்துவிட்டுப் புதியதைப் போட்டேன். ராஜு தகர அச்சைப் பிடித்துக்கொண்டார். அன்று சாயங்காலமே என் பாஸ்போர்ட் அலமாரிக்குள் போனது. மறுநாள் வர்கீஸ் எனக்குப் புது பிரஷ் கொடுத்தார்.

சில மாதம் கழித்து அந்தக் கேபினைக் கேம்புக்கே திருப்பிக் கொண்டுவந்தார்கள். யாராவது சொன்னதாலா, யார்டு வேலை முடிந்ததாலா, யாருக்கும் தெரியாது. ஆள் யாரும் கேன்சல் ஆகவில்லை. சத்வாவில் செல்வத்தைப் பார்த்தேன். "ஏய் நம்பரு! உன்னால தெனம் தூக்கம் போச்சுடா," என்று திட்டினான். திட்டிக்கொண்டே டீ வாங்கிக் கொடுத்தான்.

இப்போது வெளிநாட்டு வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். உன் வேலை பிழைக்க இன்னொருத்தனைக் காட்ட வேண்டி வந்தால், முதலில் அவனிடம் போய்க் கேள். அவன் திட்டுவான். திட்டட்டும்.

சிலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள், அவர்கள் முடியாது என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று. எனக்குத் தெரியாது. பேசாமல் ஊருக்குத் திரும்பியிருப்பேன் என்று சொல்ல ஆசைதான். சத்தியமாகத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் நிலைக்கு அவர்கள் என்னைத் தள்ளவில்லை. அந்த நன்றி இன்னும் இருக்கிறது.